குவாத்ர் பிரா: ஞாயிறு ஆட்டத்திற்கான ஏற்பாடு

*பெரியப்பா:* ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் குட்டி வீரர்களை வைத்து ஆடும் போர் ஆட்டத்திற்கு எல்லோரும் எதிர்பார்க்கும், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை நான் எடுக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு, 1815 ஜூன் 16 அன்று, பெல்ஜியத்தில் குவாத்ர் பிரா என்ற நாற்சந்தியில் நடந்த போரை எடுத்திருக்கிறேன். கதிர் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் நே. நிலா முதலில் எதிரணியின் நெதர்லாந்து இளவரசரான ஆரஞ்சு இளவரசர். பிற்பகல் மூன்று மணிக்கு ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் திரும்பி வந்ததும் அவராக மாறிக்கொள்ளலாம். நான் நடுவர்.

*கதிர்:* மகிழ்ச்சி, பெரியப்பா. எதிரே சுமார் 8,000 டச்சுக்காரர்களும் ஜெர்மனியின் நாசாவ் வீரர்களும் மட்டும் நின்றிருக்க, நே பிற்பகல் இரண்டு மணி வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் காலையிலேயே தாக்கிச் சந்தியைப் பிடித்துவிடுவேன்.

*பெரியப்பா:* 8,000 பேர்தான் என்பது உனக்குத் தெரியும், நேவுக்குத் தெரியாதே! ரை என்ற தானியப் பயிர் ஆள் உயரத்திற்கு வளர்ந்து நின்றது, மேற்கே போசு காடு பார்வையை மறைத்தது, ஸ்பெயினில் வெலிங்டனிடம் அடிபட்ட அனுபவமுள்ள, நேவின் கீழ் இருந்த படைத்தலைவர் ரெய்ல், மேட்டுக்குப் பின்னால் படை ஒளிந்திருக்கலாம் என்று தயங்கினார். நே பொறுப்பேற்றதே முந்தைய நாள் பிற்பகலில்தான். காலையில் ரெய்லின் படைகள் தெற்கே கோசெலி வரை சாலை நெடுகிலும் கிடந்தன. ஆகவே நிலாவின் படையை மேசையில் வைக்க மாட்டேன். எண் எழுதிய அட்டைகளை மட்டும் வைப்பேன், அவற்றில் பாதிக்குப் பின்னால் எந்தப் படையும் இருக்காது. நீ நெருங்கிப் போன பிறகுதான் அட்டை திரும்பும்.

*நிலா:* வெற்று அட்டைகளையும் நான் நகர்த்தலாம் அல்லவா, பெரியப்பா?

*பெரியப்பா:* தாராளமாக நகர்த்தலாம், அம்மா.

*அத்தை:* அண்ணா, எங்கள் சாப்பாட்டு மேசை ஆறடிக்கு நாலடி. ஒரு போர்க்களமே அதற்குள் அடங்கிவிடுமா? மதிய உணவுக்கு முன் மேசை காலியாகுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*பெரியப்பா:* ஓர் அங்குலத்திற்கு 50 மீட்டர் என்று வைத்தால் ஆறடி நீளத்தில் 3,600 மீட்டர் கிடைக்கிறது. பிரெஞ்சுப் படை இறங்கி வரும் சரிவு, நடுவிலுள்ள ஜெமியோன்கூர் பண்ணை, வடக்கே நாற்சந்தி எல்லாம் அதில் அடங்கும். மூன்று வரிசையாக நிற்கும் 600 பேர் கொண்ட பிரெஞ்சு பட்டாலியன் இரண்டு அங்குல அகலம் பிடிக்கும். ஆங்கிலேயர் இரண்டே வரிசையில் நிற்பதால் அதே எண்ணிக்கைக்கு மூன்று அங்குலம் வேண்டும். மஸ்கட் துப்பாக்கியின் வீச்சும் இரண்டே அங்குலம்தான். மதிய உணவைப் பற்றி நடுவர் வாக்குக் கொடுக்க இயலாது.

*நிலா:* ஆறு மில்லிமீட்டர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டி முடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் நெல்மணி அளவுதான் இருப்பதால் முகம் தீட்டும் வேலையே இல்லை. தொப்பி, சட்டை, குறுக்குவார் என்று மூன்று தொடுதலில் ஒரு வீரர் தயார். என் பக்கத்து ஜெர்மானியப் படையான பிரன்ஸ்விக் படைக்குக் கறுப்புச் சீருடை என்பதால் அடிப்பூச்சே போதுமானதாக இருந்தது. ஆனால் டச்சுக்காரர்களும் நீலம், பிரெஞ்சுக்காரர்களும் நீலம். மேசையில் குழப்பம் வராதா?

*பெரியப்பா:* வரட்டுமே. தங்கள் பக்கத்து நெதர்லாந்துக் குதிரைவீரர்களையே பிரெஞ்சுக்காரர்கள் என்று எண்ணி ஸ்காட்லாந்துப் படையினர் அன்று சுட்டார்கள்.

*நிலா:* குதிரைப்படை வந்தால், நாலு பக்கமும் துப்பாக்கி நீட்டி நிற்கும் சதுர வியூகம் அமைக்க எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள்?

*பெரியப்பா:* வெட்டவெளியில் அமைப்பது எளிது. ரை பயிருக்குள் நின்றால் குதிரைகள் நெருங்குவதே தெரியாது என்பதால் முதலில் பகடை உருட்டியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் 42ஆம் ஹைலேண்டர் படை சதுரத்தை மூடி முடிப்பதற்குள் பிரெஞ்சு ஈட்டிக் குதிரைவீரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி கெல்லர்மானின் மார்புக்கவசக் குதிரைவீரர்கள் பாய்ந்தபோது ஆங்கிலேயரின் 69ஆம் படை சதுரமாக இல்லாமல் அகப்பட்டுத் தன் கொடியையே இழந்தது. சதுரத்தைக் கலைத்து வரிசையாக நிற்கச் சொன்னவர் ஆரஞ்சு இளவரசர் என்பார்கள். அந்த இளவரசர் நீதான் என்பதை மறந்துவிடாதே.

*கதிர்:* என் பக்கத்தில் இன்னொரு படைத்தலைவர் தெர்லோனின் 20,000 பேர் எப்போது வருவார்கள்? அவர்கள் வந்துவிட்டால் நிலாவின் கதை முடிந்தது.

*பெரியப்பா:* இந்த ஆட்டத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நேவை நோக்கி வந்துகொண்டிருந்த அந்தப் படை, வெலிங்டனின் கூட்டாளிகளான பிரஷ்யர்களோடு நெப்போலியன் அதே நாள் மோதிய லின்யி களத்திற்குத் திருப்பப்பட்டது. கொதித்துப்போன நே திரும்ப அழைத்தார். அதனால் அது இரண்டு களத்திற்கும் இடையே நடந்தே பொழுதைக் கழித்து, எங்கும் பயன்படாமல் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தது. நாலு மணிச் சுற்றில், தெர்லோன் படைக்கு என்ன ஆகும் என்று எழுதிய மூன்று உறைகளுள் ஒன்றை நான் மட்டும் பிரித்துப் படிப்பேன். நீ அவர்களைத் திரும்ப அழைக்க விரும்பினால் தாளில் ஆணை எழுதித் தர வேண்டும். தூதன் போய்ச் சேரும் வரை உனக்குப் பதில் கிடைக்காது.

*கதிர்:* அப்படியானால் திறமைக்கு என்னதான் மதிப்பு?

*பெரியப்பா:* தெரியாததைத் தெரியாமலேயே வைத்துக்கொண்டு முடிவெடுப்பதும் திறமைதான். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் ஆட்ட விதிகளிலேயே முழுக் களத்தையும் காண்பவர் நடுவர் ஒருவர்தான். அதைப் பார்த்துத் தம் ராணுவத்திற்குப் பரிந்துரைத்த தலைமைப் படை அதிகாரி மூஃப்ளிங், 1815இல் பிரஷ்யாவின் தொடர்பாளராக வெலிங்டனோடு இருந்தவர். எண்ணற்ற அட்டவணைகளோடு துப்பாக்கிச் சூட்டைக் கணக்கிட்டுவிட்டு, எதிரியின் படையை மட்டும் திறந்து காட்டும் இன்றைய விதிநூல்கள் பல எனக்குப் பிடிப்பதில்லை.

*நிலா:* வெற்றியை எப்படித் தீர்மானிப்பீர்கள்?

*பெரியப்பா:* சந்தியைக் காப்பாற்றினால் உனக்குப் பாதி வெற்றி. லின்யிக்கு ஒரு பிரிகேடையாவது அனுப்பிவிட்டால்தான் முழு வெற்றி. அன்று வெலிங்டனாலும் அது முடியவில்லை. கதிர் உன்னை அதைச் செய்யவிடாமல் தடுத்தால், சந்தி கிடைக்காவிட்டாலும் அவனுக்குப் பாதி உண்டு. இருவரும் முதல் ஆணையை இன்றிரவுக்குள் எழுதி அனுப்புங்கள்.

*கதிர்:* ஆணை: பஷ்லூ டிவிஷன் ஜெமியோன்கூர் பண்ணையைத் தாக்கட்டும், ஜெரோமின் டிவிஷன் வந்தவுடன் போசு காட்டுக்குள் புகட்டும், பீரங்கிகள் சாலையின் கிழக்கே மேட்டில் நிற்கட்டும்.

*நிலா:* அண்ணா, இது எல்லோரும் படிக்கும் இந்தக் குழுவில் அல்ல, பெரியப்பாவுக்குத் தனியாக அனுப்ப வேண்டியது.

*கதிர்:* பெரியப்பா, நீக்கிவிட்டு வேறு ஆணை எழுதட்டுமா?

*பெரியப்பா:* எதிரியின் கையில் சிக்கிய ஆணையும் ஆணைதான், அப்படியே செல்லும். நிலா, உன்னுடையதைத் தனியாக அனுப்பு.