வீவக வீட்டிலிருந்து ரப்பர் முத்திரைத் தொழில்: லேசர் இயந்திரம் வாங்கலாமா?

ஈசூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தே, தமிழாசிரியர்களுக்கும் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் ரப்பர் முத்திரை செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்க என் மனைவியும் நானும் எண்ணியுள்ளோம். பயிற்சி ஏடுகளில் ஆசிரியர்கள் இடும் ‘மிக நன்று’ போன்ற முத்திரைகளைத் தமிழில் தெளிவாகச் செய்து தர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். லேசர் இயந்திரம் வாங்கலாமா? பதிவு முறைகள் யாவை?

அச்சுத்தொழிலர்:
லேசர் இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ரப்பரைச் செதுக்கும்போது எழும் புகையும் கருகிய நெடியும், குழாய் வைத்து வெளியேற்றினாலும், பக்கத்து வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். பிளாஷ் முத்திரை இயந்திரத்தில் அந்தத் தொல்லை இல்லை. வடிவத்தை ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பாக அச்சிட்டு, ஒளியுணரும் நுரைத்தகட்டின்மேல் வைத்து மூடினால், செனான் விளக்கு ஒரு கணம் மின்னும். ஒளி பட்ட இடமெல்லாம் உருகி அடைபட்டுவிட, கறுப்பு மறைத்த எழுத்துகளின் நுண்துளைகள் மட்டும் திறந்திருந்து மையைக் கசியவிடும். இதற்கென விற்கும் எண்ணெய் மையைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். ரப்பரே வேண்டும் என்பவர்களுக்கு, செதுக்கும் வேலையை வெளியே கொடுத்து வாங்கி, டிரோடாட், கோலோப் போன்ற நிறுவனங்களின் முத்திரைச் சட்டகத்தில் நீங்களே ஒட்டிக் கொடுக்கலாம்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி ஐயா. சிறிய அளவில் தமிழ் எழுத்து தெளிவாக விழுமா?

அச்சுத்தொழிலர்:
விழும், ஆனால் ஆங்கிலத்தைவிட இடம் கூடுதலாக வேண்டும். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிக்குள் மை நிரம்பினால் எழுத்து வெறும் கறையாகிவிடும் என்பதால், பரவலாக விற்கும் 38க்கு 14 மில்லிமீட்டர் அளவில் இரண்டு வரிக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தடித்த எழுத்துருவைத் தவிர்த்து, சுழி அகன்றதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சில செதுக்கு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை உடைத்து, ‘கொ’வின் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடுகின்றன; ஆகவே எழுத்துகளைக் கோட்டுருவமாக (அதாவது எழுத்துருவைச் சாராத வெறும் வடிவமாக) மாற்றிய பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். மாதிரியை வாடிக்கையாளருக்குக் காட்டி ஒப்புதல் பெறாமல் எதையும் செய்யாதீர்கள், ஏனெனில் ஒரு புள்ளி விடுபட்டாலும் அந்த முத்திரை குப்பைக்குத்தான் போகும்.

கணக்கர்:
பதிவைப் பற்றி நான் சொல்கிறேன். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தனியாகத் தொழில் செய்தால் தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. வேறு பெயர் வைப்பதானால், பெயருக்கு 15 வெள்ளியும் ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளியும் செலுத்தி, சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் வழியாக அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் முடித்துவிடலாம். வீவக வீட்டில் தொழில் செய்யும்போது வெளியாளை வேலைக்கு அமர்த்தவோ விளம்பரப் பலகை மாட்டவோ கூடாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும்.

2017 மார்ச் 31 முதல் நிறுவனங்களுக்கு, ஆவணங்களில் பதிக்கும் பொது முத்திரை கட்டாயமில்லை என்பதால், அந்த வரவை நம்பித் திட்டமிடாதீர்கள். ஆசிரியர்களை முதன்மையாகக் கொள்வதே சரி. நிறுவன முத்திரை கேட்டு வருபவரிடம் அக்ரா வணிக விவரத்தாளையும் அதிகாரக் கடிதத்தையும் தயங்காமல் கேளுங்கள். அரசுச் சின்னம் பொறிக்கச் சொன்னால், எழுத்துப்பூர்வ அனுமதியைக் கண்ணால் காணும்வரை அந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.