பகிரப்படும் அலைக்கற்றையைத் தானியங்கி முறையில் ஆள்வது எப்படி?

பாயான் லெப்பாஸ் பொறியாளர் (கேள்வி): வணக்கம். அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையைக் கடற்படை ராடாரும் தனியார் வலையமைப்புகளும் எவ்வாறு தானாகவே பகிர்ந்துகொள்கின்றன என்று விளக்க வேண்டுகிறேன்.

ஜெலுத்தோங் வாசகர்: அங்கே முன்னுரிமை மூன்று படிகளாக உள்ளது: ராடார் போன்ற பழைய பயனாளர்கள், ஏலத்தில் உரிமம் பெற்றவர்கள், பொதுப் பயனாளர்கள். ஒவ்வொரு நிலையமும் தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் மையத் தரவுதளத்தில் பதிந்து, அனுமதி கிடைத்த பின்னரே அலைபரப்பத் தொடங்கும். கடலோர உணரிகள் ராடார் அலையைக் கண்டறிந்ததும், இடையூறு தரக்கூடிய நிலையங்கள், தரவுதளம் ஆணையிட்ட 60 விநாடிகளுக்குள் அந்த அலைவரிசையைவிட்டு விலக வேண்டும். தரவுதளத்துடனான தொடர்பு அறுந்தால் அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். என் பார்வையில் இதுவே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: மிக்க நன்றி ஐயா. நம் வீட்டு வைஃபையில் இப்படி ஏதும் உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: உண்டு, ஆனால் தரவுதளம் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸின் சில தடங்களில் (சேனல்களில்) ரௌட்டரே 60 விநாடி செவிமடுத்து, ராடார் இல்லையென்று உறுதிசெய்த பின்னரே இயங்கத் தொடங்கும். எங்கள் அடுக்குமாடி வீட்டில், ராடார் அலை தென்பட்டதும் இணைப்பு திடீரென வேறு தடத்துக்கு மாறுவதைப் பழுதென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை வானிலை ராடார்கள் இயங்குவதால், அங்கே 10 நிமிடம் செவிமடுக்க வேண்டுமென ஐரோப்பிய விதிகள் கோருகின்றன.