உங்கள் கையில் முதல் புத்தகத்தைக் கொடுத்தது யார்? – சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

கித்தாக்காட்டுப் பிள்ளை

வணக்கம் உறவுகளே. எனக்கு வயது அறுபத்தொன்று. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டினவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். வீட்டில் காலண்டரைத் தவிர அச்சடித்த தாள் எதுவும் இருந்ததில்லை. எனக்கு வாசிப்பைக் கொடுத்தது டவுனில் இருந்த முடிவெட்டுக் கடை.

சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை அங்கே உட்கார வைத்துவிட்டு பாசாருக்குப் போய்விடுவார். சுவரோரம் ஒரு நீளப் பலகை. அதன்மேல் அன்றைய தமிழ் நேசன் பத்திரிகையின் ஞாயிறு மலரும், கப்பலில் வந்து சேர்ந்த பழைய வார இதழ்களும் குவிந்து கிடக்கும். என் முறை வந்தால், "நீங்க போங்கண்ணே, நான் அப்புறம் வெட்டிக்கிறேன்" என்று பின்னால் இருப்பவருக்கு விட்டுவிடுவேன். கதை பாதியில் நிற்கிறதே! அப்பா திரும்பி வரும்போதும் என் தலை அப்படியே இருக்கும்.

மூன்றாவது முறை கடைக்காரர் கவனித்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சணல் கயிற்றில் ஒரு கட்டு இதழ்களைக் கட்டி மடியில் வைத்தார். "படிச்சிட்டுக் கொண்டாந்து குடு. கிழிச்சா அடுத்தது கிடையாது." ஆறு வருடம் அந்தக் கயிறு என் வீட்டுக்கும் அவர் கடைக்கும் போய்வந்து கொண்டிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் மனைவி போன பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வேன். விளக்கைப் போட்டு ஒரு நாவலை எடுப்பேன். விடிகிற வரைக்கும் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். அந்தக் கயிறு இல்லாவிட்டால் அந்த நாட்களை எப்படித் தாண்டியிருப்பேன் என்று தெரியவில்லை.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பலகைதான். உங்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்தது யார்? அதனால் என்ன ஆயிற்று? தயவுசெய்து நீளமாகவே எழுதுங்கள்.

ஆயாக்கொட்டகைப் பேத்தி

அண்ணே, எனக்குப் புத்தகம் யாரும் கொடுக்கவில்லை. கடிதம் கொடுத்தார்கள்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தமிழ்நாட்டு ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நீல நிறத்தில், மூன்றாக மடித்து ஓரம் ஒட்டி வருமே, அந்த விமானக் கடிதம். கிழிக்கிற இடம் தெரியாமல் கிழித்தால் நடுவில் நாலு வரி போய்விடும். தமிழ்ப்பள்ளியில் நான் நன்றாக வாசிப்பேன் என்று தெரிந்ததும், ஒன்பது வயதிலேயே அந்த வேலை எனக்கு வந்துவிட்டது. சாயங்காலம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் படியில் உட்காருவேன். பாட்டிமார்கள் சுற்றி உட்காருவார்கள். "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்தாலே சிலருக்குக் கண் கலங்கிவிடும்.

மூன்றாம் வீட்டுப் பாட்டி முசிறிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் கப்பலேறி வந்தவர், திரும்பிப் போனதே இல்லை. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மழை, கிணறு, யாருக்கோ கல்யாணம் என்று போய்க்கொண்டே இருந்து, நடுவில் ஒரே ஒரு வரி: அவருடைய தம்பி ஆடி மாதம் தவறிவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. அந்த வரியைத் தாண்டி, மாடு கன்று போட்ட சேதிக்குப் போய்விட்டேன்.

முடித்ததும் பாட்டி கடிதத்தை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நடுவுல ஒரு எடத்துல மூச்சு வாங்கின. அங்க ஒரு வரி இருக்கு. அதையும் படி பாப்பா."

படித்தேன். அழவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும். பிறகு அதே மடிப்பில் மடித்து, வெற்றிலை வைக்கும் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு) வந்து வழக்கம்போல் நின்றார்.

பின்னாளில் நான் தாதியானேன். முப்பது வருட வேலையில், மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை எத்தனையோ தமிழ்ப் பெரியவர்களுக்கு நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். பிள்ளைகள் ஜாடை காட்டுவார்கள், "அதைச் சொல்லாதீங்க சிஸ்டர்" என்று. பெரியவர் தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியையும் படித்துவிடுவேன். எந்தப் பயிற்சியிலும் இது எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. மூன்றாம் வீட்டுப் பாட்டி சொல்லித் தந்தது.

புத்தகங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது கண்புரை எடுத்தாயிற்று, தினமும் இருபது பக்கம் படிக்கிறேன்.

கித்தாக்காட்டுப் பிள்ளை

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏழாம் நம்பர் லயம்

எங்க தாத்தா சயாமுக்கு, அதான் இப்ப தாய்லாந்து, போய்த் திரும்பினவர். ஜப்பான்காரன் காலத்துல, 1942லேர்ந்து 1943 வரைக்கும் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டாங்கல்ல, அதுக்குத் தோட்டத்துலேர்ந்து ஆயிரக்கணக்கான தமிழங்களை ஏத்திட்டுப் போனாங்க. திரும்பாதவங்க ஏராளம். வீட்ல எல்லாருக்கும் தெரியும் தாத்தா போனாருன்னு. ஆனா அவரு அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. கேட்டா எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவாரு.

நான் ஆறாம் பாரம் (பள்ளியோட கடைசி வகுப்பு) படிக்கும்போது ஆர். சண்முகம் எழுதின ‘சயாம் மரண ரயில்’ நாவல் கையில கிடைச்சது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில உக்காந்து சத்தமா படிக்க ஆரம்பிச்சேன். தாத்தாவுக்குன்னு சொல்லல. அவரு பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிச் சுருட்டுப் பிடிச்சிக்கிட்டு இருந்தாரு. ஒரு நாளைக்கு எட்டு, பத்துப் பக்கம். நாலாவது நாள் நான் படிக்கல, பரீட்சை. "என்னடா, இன்னிக்கு இல்லையா?"ன்னாரு. அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

பிறகு இடையில நிறுத்தச் சொல்வாரு. "மூங்கில் அப்படி இருக்காது. நாங்க படுத்தது பிளந்த மூங்கில், முதுகுல கோடு விழுந்திரும்." வாந்திபேதி வந்த பகுதியைப் படிச்ச அன்னிக்கு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் பேர் சொல்ல ஆரம்பிச்சாரு. எங்க தோட்டத்துலேர்ந்து அவரோட லாரி ஏறினவங்க பேரு. இன்னார் மகன், இன்ன லயம்னு ஒவ்வொண்ணா. நான் நாவலோட கடைசிக் காலிப் பக்கத்துல பென்சில்ல எழுதினேன். இருபத்தாறு பேரு. அடுத்த வருஷம் தாத்தா இறந்துட்டாரு.

அந்தக் குடும்பங்கள்ல ஒன்பது பேரோட வாரிசுகளை இதுவரைக்கும் தேடிக் கண்டுபிடிச்சிருக்கேன். ஒரு அம்மா அவங்க அப்பா பேரு அந்தப் பக்கத்துல இருக்கிறதை விரலால தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்ககிட்ட அப்பா போட்டோ ஒண்ணுகூட கிடையாது.

ஜாகா வேலை

நான் ஐந்தாம் பாரத்தோட நின்னவன். செம்பனை எண்ணெய் ஆலையில ராத்திரி ஜாகா, காவல்காரன். எனக்கு வாசிப்பு வந்தது தூக்கத்தை விரட்டத்தான். ஆபீஸ்ல போட்ட பழைய மலாய் பேப்பர், கையில ஒரு அகராதி. தெரியாத சொல்லைக் கோடு போட்டு வச்சி, விடியிறதுக்குள்ள பாத்து முடிப்பேன். மலாய் முடிஞ்சி ஆங்கிலம். பிறகு டவுன் நூலகத்துல எதையும் விடல. எங்க ஊரைப் பத்தியே அங்கதான் படிச்சேன். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்க தோட்டத் துரைமாருங்க மூணு பேரைச் சுட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவுல அவசரகாலம் வந்ததும். நான் தினம் சைக்கிள்ல போற வழி அது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1996ல அம்மா வேலை செஞ்ச தோட்டம் கைமாறுச்சு. வீடு கட்டப் போறாங்கன்னு பேச்சு. ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தாள் குடுத்து, கையெழுத்துப் போட்டா பணம்னு சொன்னாங்க. அம்மா அதை மடிச்சி வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. "நீதான் எந்நேரமும் படிக்கிறியே, இதைப் படி."

படிச்சேன். மூணு தடவை. இதைப் பெற்றுக்கொண்டு இனி எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு கடைசியில சின்ன எழுத்துல இருந்தது. 1980ஆம் வருஷத்து ஆட்குறைப்பு நன்மை விதிகளை நூலகத்துல தேடி எடுத்தேன். ரெண்டு வருஷத்துக்குக் கீழன்னா வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம், ரெண்டிலிருந்து அஞ்சுக்குள்ளன்னா பதினஞ்சு நாள், அஞ்சும் அதுக்கு மேலயும்னா இருபது நாள். புது முதலாளி வேலையில வச்சிக்கலைன்னா பழைய முதலாளி குடுக்கணும். அம்மாவுக்கு இருபத்தேழு வருஷம். 540 நாள் சம்பளம் வரணும். தாள்ல இருந்தது அதுல பாதிகூட இல்ல.

அன்னிக்கு ராத்திரி மாரியம்மன் கோயில் முன்னால விளக்கு வெளிச்சத்துல அந்தத் தாளை வரி வரியா தமிழ்ல படிச்சிக் காட்டினேன். யாரும் கையெழுத்துப் போடல. நாப்பத்தி மூணு குடும்பம். தொழிலாளர் இலாகாவுக்கு எட்டு மாசம் நடந்தோம். சில பேருக்கு இடையில தைரியம் விட்டுப் போச்சு, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைங்க பசி அப்படி. ஆனா கடைசியில முழுக் கணக்கும் வந்தது. அந்தப் பணத்துலதான் தங்கச்சி கல்யாணமும், நாங்க இப்ப இருக்கிற வீட்டுக்கு முன்பணமும்.

படிச்சா பணம் வரும்னு சொல்ல வரல. அந்தத் தாளைப் பாத்தப்போ எனக்குப் பயம் வரல, அதைத்தான் சொல்றேன். ராத்திரி ராத்திரியா அத்தனை தாளைப் பாத்த கண்ணு.

பழைய வாத்தியார்

எனக்கு எண்பது நடக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன். என் அண்ணன் தோட்ட ஆபீஸில் எடுபிடி. 1950இல் எழுத்தாளர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில், கதை எழுதச் சொல்லித் தரும் கதை வகுப்பு நடத்தினார்கள். அதை அண்ணன் மண்ணெண்ணெய் விளக்கில் எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கிற நீயும் எழுதலாம் என்று தோட்டத்துப் பையனிடம் அதுவரை யார் சொன்னார்கள்? அவர் எழுதியது எதுவும் அச்சில் வரவில்லை. ஆனால் எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். பின்னர் தமிழ் முரசு பத்திரிகையின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் என் நாலு வரி வந்த அன்று, அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கக் காட்டியவர் அவர்தான்.

நம் நாட்டு எழுத்தாளர்களைப் படியுங்கள். மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), வாளி, காண்டா (வாளி தூக்கும் காவடிக் கம்பு) என்று நம் வீட்டுச் சொற்களை வேறு எங்கே அச்சில் பார்க்கப் போகிறோம்?

இரண்டு பிள்ளைகளின் அம்மா

எல்லோரும் நல்லதே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு வருத்தம். என் மூத்தவள் ஆறு வயதில் கதைப் புத்தகம் என்றால் உயிரை விடுவாள். நான்தான் ஒவ்வொரு கதைக்கும் பத்துக் கேள்வி எழுதி விடை கேட்டேன். தேர்வுக்கு உதவும் என்று நினைத்தேன். பத்து வயதில் புத்தகத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள். இப்போது இளையவனுக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் புத்தகத்தை நான் படிக்கிறேன். போன வாரம் மூத்தவளும் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெறுங்கையோடுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டப் பள்ளி ஆசிரியை

அக்கா, அவளை அப்படியே உட்கார விடுங்கள். எங்கள் பள்ளியில் மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள். கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் கதை வாசிக்கிறேன், கேள்வி கிடையாது. வெள்ளிக்கிழமை பாதியில் நிறுத்தினால், திங்கட்கிழமை காலையில் வாசலிலேயே நிற்கிறார்கள். நூலக அலமாரியில் இருப்பதை எல்லாம் படித்து முடித்துவிட்டார்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, சிறுவர் இதழ், கதைப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?

கித்தாக்காட்டுப் பிள்ளை

டீச்சர், என்னிடம் இரண்டு பெட்டி இருக்கிறது. கிழிந்ததை எல்லாம் நேற்றே ஒட்டிவிட்டேன், பசை காயணும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நிற்கிறேன். அந்த முடிவெட்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை, அதன் வாசலில். கட்டுக் கட்டாகச் சணல் கயிற்றில் கட்டி எடுத்து வருகிறேன். படித்து முடித்ததும் கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுங்கள், அடுத்த கட்டுக்கு வேண்டும்.