வீட்டுத் தொலைபேசி அமைப்பு: வெளியிலிருந்து அழைத்தால் ஒரு பக்கக் குரல் மட்டுமே கேட்கிறது

கேள்வி:
வணக்கம். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில், தொலைபேசி இணைப்பகமாகச் செயல்படும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை நிறுவி, வீட்டிலுள்ள மூன்று தொலைபேசிகளை இணைத்திருக்கிறேன். அம்மா பல ஆண்டுகளாகப் பழகிய பொத்தான் தொலைபேசியை மாற்ற மனமில்லாமல், பழைய தொலைபேசியை இணையவழி அமைப்புடன் இணைக்கும் ஏடிஏ கருவியின் மூலம் அதைச் சேர்த்தேன். வீட்டிற்குள் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. வெளியே சென்று, மொபைல் இணையத்தில் கைபேசிச் செயலியிலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறது. அம்மா எடுத்து "ஹலோ, ஹலோ" என்பது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவதோ அவருக்குக் கேட்பதில்லை. ரவுட்டரில் 5060 போர்ட்டை (எண்ணிட்ட இணைய வாயில்) திறந்திருக்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1:
5060 வழியே வருபவை அழைப்பை ஏற்படுத்தும் சிப் (SIP) நெறிமுறைச் செய்திகள் மட்டுமே. குரல், ஆர்டிபி (RTP) எனும் நெறிமுறையில் சிறு தரவுப் பொட்டலங்களாக வேறு போர்ட்டுகளில் செல்கிறது. ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'பிஜேசிப் செட் லாகர் ஆன்' என்று கொடுத்து, அந்தச் செய்திகளைக் காட்டும் லாகரை இயக்கிவிட்டு, வெளியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஆஸ்டரிஸ்க் அனுப்பும் பதிலில் 'சி=' என்று தொடங்கும் வரியில் 192.168 எனத் தொடங்கும் முகவரி இருந்தால், உங்கள் செயலி வெளியிலிருந்து எட்டவே முடியாத அந்த வீட்டு முகவரிக்குத்தான் குரலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆஸ்டரிஸ்க் அமைப்புக் கோப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதியில் உங்கள் பொது ஐபி முகவரியையும், லோக்கல் நெட் என்பதில் வீட்டு வலையமைப்பையும் குறிப்பிடுங்கள். ஆர்டிபி போர்ட்டுகளை 10000 முதல் 10100 வரை எனச் சுருக்கி, அவற்றையும் ரவுட்டரில் திறந்துவிட்டால், வீட்டு அளவுக்கு அது தாராளம்.

மறுமொழி 2:
மேலே சொன்ன காரணம் சரியே. எனினும் 5060-ஐ இணையத்திற்குத் திறந்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன்; கடவுச்சொல்லை ஊகித்து உள்நுழைய முயலும் நிரல்கள் அதை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும், வெளி எண்களை அழைக்கும் இணைப்பு இருந்தால் கட்டணமும் உங்கள் தலையில் விழும். அதே ராஸ்பெரி பையில் வயர்கார்டு எனும் விபிஎன்னை (இணையத்தின் ஊடே செல்லும் மறையாக்கிய தனிச் சுரங்கம்) அமைத்து, கைபேசியை அதன் வழியாகச் சேருங்கள். சுரங்கத்தின் முகவரி வரம்பையும் லோக்கல் நெட்டில் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையெனில் ஆஸ்டரிஸ்க் அங்கும் பொது முகவரியையே கொடுத்து, அதே சிக்கல் திரும்பும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அந்த வரியில் 192.168.1.20 என்றே இருந்தது. வயர்கார்டு வழியை மேற்கொண்டு, ரவுட்டரில் 5060-ஐ மூடிவிட்டேன். நேற்று மாலை பேருந்திலிருந்து அழைத்து, அம்மாவுடன் பத்து நிமிடம் தடையின்றிப் பேசினேன்.

மறுமொழி 1:
மகிழ்ச்சி. லாகரை மறவாமல் நிறுத்திவிடுங்கள். பதிவுகள் ஓயாமல் எழுதப்பட்டால் எஸ்டி கார்டு விரைவில் பழுதாகும்.