இருட்டில் ஒளிர்ந்த பட்டை ஃபிலிமில் வெளுத்துப்போனது: உங்கள் வெஸ்டர்ன் பிளாட் அனுபவங்கள்

காசிமேடு:
ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் மாடிப்படிக்கு அடியில்தான் இருட்டறை. ஆக்டின் என்ற புரதத்தைப் பார்க்கப் போட்ட வெஸ்டர்ன் பிளாட்டின் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) மேல், ஒளிதரும் லூமினால் உள்ள ஈ.சி.எல். கரைசலை ஊற்றிச் சிவப்பு விளக்கை அணைத்ததும், பட்டைகள் நீலமாக ஒளிர்வதை வெறும் கண்ணாலேயே பார்த்தேன். மகிழ்ச்சியோடு ஒரு நிமிடம் கேசட்டில் வைத்திருந்து டெவலப்பரில் நனைத்தால், ஃபிலிமில் ஓரம் மட்டும் கறுத்து, நடுவில் உளுந்து வடைபோல் ஓட்டை விழுந்த பட்டைகள். மெம்பிரேனில் அந்த இடங்கள் பழுப்பேறியிருந்தன. புரதத்தைப் பிடிக்கும் பிரைமரி ஆன்டிபாடியின் மேல் ஒட்டும் செகண்டரி ஆன்டிபாடியை, 1:5000 சேர்க்க வேண்டியதை 1:500 சேர்த்திருந்தேன் என்பது நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. ஃபிலிமை வைப்பதற்குள், செகண்டரியில் பிணைந்திருக்கும் ஹெச்.ஆர்.பி. என்சைம் அங்கிருந்த லூமினாலைத் தீர்த்துவிட்டிருந்தது.

வியாசர்பாடி:
உங்களுக்கு ஒளியாவது வந்தது. மெம்பிரேனில் உள்ள புரதங்களுக்கு நிறமேற்றும் பொன்சோ சாயத்தில் பட்டைகள் சிவப்பாகத் தெரிந்தும், மூன்று வாரமாக எனக்கு ஃபிலிம் வெறுமையாகவே வந்தது. பிரைமரி கெடாமலிருக்க சோடியம் அசைடு கலந்து வைத்திருந்த பாலிலேயே (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க ஊற்றுவது) செகண்டரியையும் கரைத்து வந்திருக்கிறேன், அசைடு ஹெச்.ஆர்.பி.யை முடக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

பெரம்பூர்:
என் கதை சிறியது: ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்குப் புரதத்தை மாற்றும்போது மின்சாரம் போய் வந்த பதற்றத்தில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிச் செருகி, புரதம் முழுவதையும் பஃபருக்குத் தாரை வார்த்தேன். ஆனால் காசிமேட்டு நண்பர் கண்ணால் கண்டதைப் பெருமைபோல் எழுதுவதை ஏற்க முடியவில்லை, அது செகண்டரி மிகுந்துவிட்டது என்ற எச்சரிக்கை. செகண்டரியை 1:5000, 1:10000, 1:20000 எனக் கரைத்து, மெம்பிரேன் துண்டுகளில் சொட்டு வைத்துச் சோதித்துவிட்டே பிளாட்டில் கை வையுங்கள். 10 விநாடி, 1 நிமிடம், 5 நிமிடம் என்று பல ஃபிலிம்கள் எடுங்கள். ஃபிலிம் ஓரளவுக்கு மேல் கறுக்காது என்பதால், நன்றாகக் கறுத்த இரண்டு பட்டைகளை ஒப்பிட்டு அளவு சொல்வது வீண். பாஸ்பேட் ஏறிய புரதத்தைப் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடி என்றால் பாலே வேண்டாம்; அதிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி முழுவதும் கறுத்துவிடும். பால் மலிவு என்று எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றுகிறோம்.

காசிமேடு:
பெருமையாக எழுதவில்லை ஐயா, ஏமாந்ததைத்தான் எழுதினேன். மறுவாரம் 1:10000 போட்டபோது இருட்டில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பத்தே விநாடியில் ஃபிலிமில் ஆக்டின் தன் எடைக்குரிய 42 கிலோடால்டனில் அழுத்தமாக விழுந்திருந்தது.