ஸ்டீபன் கூன்ட்ஸ்: ஒரே நாவலில் தீர்ந்துவிட்டாரா?

கடலோடி:
1986-ல் வந்த 'ஃப்ளைட் ஆஃப் தி இன்ட்ரூடர்' ஒன்றுதான் அமெரிக்க எழுத்தாளர் கூன்ட்ஸ் எழுதிய உண்மையான நாவல் என்பேன். வியட்நாம் போரில் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஏ-6 இன்ட்ரூடர் ஓட்டியவர் அவர். இருட்டிலும் மழையிலும் ராடாரை நம்பித் தாழ்வாகப் பறந்து குண்டு போடும் விமானம் அது. விமானியும் குண்டுவீச்சாளரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். அந்த அனுபவத்தை எல்லாம் முதல் புத்தகத்திலேயே கொட்டிவிட்டார். அப்புறம் வந்த சதி, உளவுக் கதைகளை வேறு யாரும் எழுதியிருக்கலாம்.

மேகலை:
வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. 'ஃபைனல் ஃப்ளைட்' (1988) படித்தீர்களா? பயங்கரவாதிகள் ஒரு விமானந்தாங்கிக் கப்பலையே கைப்பற்றும் கதை. போருக்குப் பிறகு கூன்ட்ஸ் நிமிட்ஸ் கப்பலில் விமானங்களை ஏவும் கேட்டபல்ட் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். மேல்தளத்தில் யார் எங்கே நிற்பார், எது எப்போது ஆளைக் கொல்லும் என்று உடம்பால் அறிந்தவர். அந்த அறிவு முதல் நாவலில் பாதிதான் வந்தது.

கடலோடி:
தளத்தைப் பற்றிச் சரி. மனிதர்கள்? முதல் நாவலின் தொடக்கத்தில், லாரிகள் நிற்கலாம் என்று சந்தேகப்பட்ட ஓர் இடத்துக்காகப் பறந்து, நாயகனான விமானி ஜேக் கிராஃப்டனின் குண்டுவீச்சாளர் தரையிலிருந்து வந்த துப்பாக்கிக் குண்டில் சாகிறார். ஒன்றுமில்லாத இலக்குக்கா நண்பன் செத்தான் என்ற கேள்வி கிராஃப்டனை விடவேயில்லை. அனுமதியே இல்லாமல் வட வியட்நாம் தலைநகர் ஹனோய் மேல் குண்டு போடும் அளவுக்கு அவனைக் கொண்டுபோகிறது. அந்தக் கோபம் பிறகு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இளவேனில்:
எனக்கு அந்த ஹனோய்ப் பறப்புதான் உறுத்துகிறது. கீழே இருப்பவர்கள் கதையில் மனிதர்களாக வருவதேயில்லை. விமானியின் துக்கம் உண்மைதான், ஆனால் குண்டு விழுந்த பக்கத்தில் இருந்தவர்களுக்கும் துக்கம் உண்டு. போரிட்டவர் எழுதினார் என்பதற்காக இதைப் பேசாமல் விட வேண்டாம்.

மேகலை:
இளவேனில் சொல்வது நியாயம், அது அந்த நாவலின் பெரிய குறை. கடலோடி, உங்களுக்குப் பதில்: 'ஃபைனல் ஃப்ளைட்'டில் கிராஃப்டனுக்கு இரவுப் பார்வை மங்குகிறது. இரவில் கப்பலில் இறங்குவதையே வாழ்க்கையாகக் கொண்டவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? வயதாகும் விமானியின் பயம் அது. 1977-ல் பணியை விட்டு, சட்டம் படித்து, வழக்கறிஞராக இருந்துகொண்டே எழுத வந்தவர் கூன்ட்ஸ். இனி அந்த இருக்கை தனக்கில்லை என்பதை அறிந்தவரின் எழுத்தாகவே அதைப் படிக்கிறேன்.

கடலோடி:
அந்தக் கண் விஷயத்தைக் கதையை நகர்த்தும் உத்தி என்று கடந்து போயிருந்தேன். மறுபடி படிக்கிறேன். ஆனால் 'அண்டர் சீஜ்' (1990) முழுக்க வாஷிங்டன் தெருக்களிலும் போதைக் கும்பலிலும் நடக்கிறது. அதில் விமானி எங்கே என்று நீங்கள் காட்ட வேண்டும்.

மேகலை:
அதில் காட்ட முடியாது. அந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்.