‘தண்டையார்பேட்டை வீடு’ குழு, ஞாயிறு காலை

6:52
பெரியம்மா: காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கியாச்சு. யாருக்கு எவ்வளவு?

அம்மா: ஒரு கிலோ அக்கா. தீபன் 5 மணியிலிருந்து காருக்கு அடியில் கிடக்கிறான். கீழ்வீட்டுக்காரர் என்னை முறைக்கிறார்.

சேகர் மாமா: எது, அந்த ரெண்டு சீட் நிஸ்ஸானா?

தீபன்: ஆமாம் மாமா, 370 இசட். பின்பக்க கேம்பர் ஆர்ம் மாற்றுகிறேன், சக்கரத்தின் சாய்வைச் (கேம்பர்) சரிசெய்கிற தண்டு. வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங் போட்டேன் இல்லையா, அதிலிருந்து பின் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டது. டயர் வெளியே புதுசு மாதிரி, உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது.

கவிதா: அந்த டயர் காசில் எனக்குப் பாதி ஸ்கூட்டர் வந்திருக்கும்.

மாமா: ஜாக்கி மட்டுமா, ஸ்டாண்டும் இருக்கா?

தீபன்: ரெண்டு ஸ்டாண்ட். முன் சக்கரத்துக்குக் கட்டை. கழற்றிய சக்கரங்களையும் அடியில் படுக்க வைத்திருக்கிறேன்.

மாமா: சரி.

7:30
தீபன்: இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் நட்டு வந்துவிட்டது, போல்ட் அசையவில்லை. அடித்து அடித்துக் கை போச்சு.

மாமா: கடல் காற்று. ஆர்ம் முனையில் இருக்கிற ரப்பர் புஷ் நடுவில் உள்ள இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒட்டியிருக்கும். போட் இன்ஜினில் எனக்கு தினமும் இதே வேலை. வெறும் போல்ட்டில் அடிக்காதே, மரை நசுங்கிவிடும். நட்டை முனை வரை திருகி அதன் மேல் அடி. முதலில் துரு எண்ணெய் விட்டு அரைமணி நேரம் ஊறட்டும். அதற்குள் இட்லி சாப்பிட்டு வா. சூடாக்கிக் கழற்றலாம் என்று கேஸ் லைட் மட்டும் எடுக்காதே, பக்கத்திலேயே பிரேக் ஹோஸ்.

தாத்தா: சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் சைக்கிளிலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் ஓட்டியவர்களைவிட அடியில் படுத்திருந்தவர்கள்தான் அதிகம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு போகவில்லை.

9:15
தீபன்: வந்துடுச்சு!! ரெண்டு பக்கமும் மாட்டி, டார்க் ரெஞ்சில் இறுக்கியாச்சு. (படம்)

மாமா: சக்கரம் மாட்டுகிற ஹப் தொங்குகிறதே. அப்படியேவா இறுக்கினாய்?

தீபன்: ஆமாம்.

மாமா: புது ஆர்மில் ரப்பர் புஷ்ஷா, பால் ஜாயின்டா?

தீபன்: ரப்பர்.

மாமா: எல்லாவற்றையும் லூஸ் பண்ணு.

தீபன்: மாமா 😭

மாமா: ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே அது முறுக்கிக்கொண்டு நிற்கும். அதோடு எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி போட்ட பள்ளத்தில் இறக்கினால் ரப்பர் கிழிய எத்தனை நாள் ஆகும்?

தீபன்: தரையில் இறக்கினால் அடியில் கை போகாதே?

மாமா: கார் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். ஹப்பைத் தாங்குகிற நக்கிளுக்கு அடியில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கு. ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, வண்டி தரையில் நிற்கும்போது அளந்தாயா?

தீபன்: 35.5 செ.மீ.

மாமா: அந்த அளவு வந்ததும் இறுக்கு. நடுவில் கார் ஸ்டாண்டைவிட்டு எழும்பினால் உடனே நிறுத்து.

கவிதா: அளக்கத் தெரிந்திருக்கு, எதற்கு அளந்தான் என்றுதான் தெரியவில்லை 😂

மாமா: ஆர்ம் நீளம்?

தீபன்: பழையதோடு சேர்த்து வைத்து, துளைக்குத் துளை ஒரே அளவு.

மாமா: அலைன்மென்ட் கடை வரை அது போதும். அங்கே கேம்பரை மாற்றினால் டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) நகரும், ரெண்டையும் பார்க்கச் சொல். ஆர்ம் நீளம் மாறாமல் பிடிக்கிற லாக் நட்டை நீயே தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

தீபன்: போன தடவை ஒரு கடையில் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முழு காசு வாங்கினார்கள்.

11:05
தீபன்: ரெண்டு பக்கமும் 35.5-ல் இறுக்கியாச்சு மாமா. ஒரு ஸ்பானர் மட்டும் காணோம்.

அம்மா: 17 என்று போட்டதா? இட்லிப் பானை பக்கத்தில் கிடக்கிறது.